எண்ணூர்க் கரை தெரிந்த நாள்

போன மாதம், விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் ஒரு தட்டச்சுத் தாள். நான் வேலை பார்த்த கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனால் அதன் விதிகளில் ஒன்றிரண்டு கைமாறிக் கைமாறி இவர்கள் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. மேகத்துக்குள் ஓட்டுகிறவர் இரண்டு அழைப்புக்குப் பதில் சொல்லாவிட்டால், பக்கத்தில் இருப்பவர் விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒரு வரி.

"இது ஏன் சார் ரெண்டு? எதுக்குமே மூணு தடவைதானே வைப்பாங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

அரைகுறையாக ஏதோ சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். வெட்கம்தான் காரணம். அந்த விதி முதலில் மூன்றாகத்தான் இருந்தது. அது இரண்டாக மாறியதற்கு, நான் கையெழுத்துப் போட்ட ஒரு பொய் காரணம். இந்த வயதில் இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

நான் காசிமேட்டுக்காரன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். யுத்த காலத்தில் விமானப்படையில் வயர்லெஸ் வேலைக்குச் சேர்ந்தேன். யுத்தம் முடிந்ததும் அங்கே இங்கே முட்டி மோதி விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்த வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்குவது, செய்ததையே திரும்பச் செய்வது, மறுபடியும் திட்டு வாங்குவது, அவ்வளவுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் கோ-பைலட் வேலை கிடைத்தது. கேப்டனுக்கு வலப்பக்கம் உட்காரும் இரண்டாவது ஆள். கம்பெனியிடம் பழைய டக்கோட்டா விமானங்கள் மூன்று இருந்தன. நான் போய்ச் சேர்ந்தது கேப்டன் சவரிமுத்துவிடம்.

அவர் ராயபுரத்துக்காரர். அவருடைய அப்பாவும் துறைமுகம்தான், படகுத் தண்டல், படகோட்டிகளுக்குத் தலைவர். சின்ன வயதில் அப்பாவோடு படகில் எண்ணூர் முகத்துவாரம் வரை போய்வந்தவர். அந்தக் கரையில் எந்த இடத்தில் சவுக்குத் தோப்பு முடிகிறது, எந்த இடத்தில் அலை உடைகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குரலை உயர்த்த மாட்டார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு கிடக்கும். கோபம் வந்தால் அதைக் கடிப்பார். அவருடைய தாடை அசைந்தால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்.

சேர்ந்த முதல் வாரத்தில் என்னை அவர் கூட்டிக்கொண்டு போன இடம் விமான நிலையம் அல்ல, கல்மண்டபம் பக்கத்தில் இருந்த கோவிந்தன் சலூன். அங்கே கப்பலில் வந்த இரும்பு நாற்காலி ஒன்று இருந்தது. கோவிந்தன் அதற்குத் தவறாமல் எண்ணெய் போட்டு வைத்திருப்பார். ஒரு தட்டு தட்டினால் சத்தமே இல்லாமல் சுற்றும். என்னை அதில் உட்காரவைத்துக் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். கோவிந்தன் சுற்றத் தொடங்கினார்.

"எந்தப் பக்கம் சுத்துறே, ஆரோக்கியம்?" என்று கேப்டன் கேட்டார்.

"இடது பக்கம் சார்."

ஒரு நிமிஷம் கழித்து, "இப்போ?"

"நின்னுடுச்சு சார்."

கோவிந்தன் சிரிப்பது கேட்டது. "எங்க நைனா நின்னுது? நான் கை வலிக்க சுத்திக்கினுதான் கீறேன்."

அதற்குப் பிறகு நாற்காலி என்ன ஆனதோ தெரியவில்லை, திடீரென்று வலப்பக்கமாகப் படுவேகத்தில் சுழலத் தொடங்கியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வலது பக்கம், வலது பக்கம்" என்று கத்தினேன். கேப்டன் துண்டை அவிழ்த்தார். நாற்காலி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கோவிந்தன் அதன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றிப் பிடித்திருந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு தெருப்பக்கம் ஓடினேன்.

"வெளிய போய் எடு நைனா. ஷேவிங்குக்கு வர்றவன் இத்த பாத்தா என் கடைக்கு எவன் வருவான்?" என்றார் கோவிந்தன்.

திரும்பி வந்ததும் கேப்டன் விளக்கினார். காதுக்குள்ளே மூன்று வளையக் குழாய்கள் இருக்கின்றன, அவற்றில் நீர் இருக்கிறது. தண்ணீர் உள்ள ஒரு வாளியைச் சட்டென்று சுற்றிவிட்டால் வாளி சுற்றும், தண்ணீர் நிற்கும். அந்த வித்தியாசம்தான் நமக்குச் சுற்றுவதாகத் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் வாளியோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும். வித்தியாசம் போய்விடும், நின்றுவிட்டதாகத் தோன்றும். அப்போது வாளியை நிறுத்தினால் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தோன்றும். மிக மெதுவாகத் திருப்பினாலோ ஒன்றுமே தெரியாது.

"தரையில கண்ணு பார்த்து காதைத் திருத்திடும். மேகத்துல கண்ணும் இல்ல. அப்போ உடம்பு சொல்றது அத்தனையும் புளுகு. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்லும்" என்றார்.

"நீங்க இதுல உக்காந்து பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் கோவிந்தன் முந்திக்கொண்டார். "சாரா? நானும் எத்தினி தபா கூப்ட்டுப் பாத்துட்டேன். எனக்கு இன்னாத்துக்குன்றாரு." கேப்டன் லேசாகச் சிரித்துவிட்டுக் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டார்.

உடம்பின் புளுகுக்கு அவர் கண்டுபிடித்த மருந்து, வீட்டில் ஜெபமாலை சொல்லும் முறை. எங்கள் வீடுகளில் ஒருவர் பாதி ஜெபம் சொல்லி நிறுத்துவார், மற்றவர்கள் மீதியைச் சொல்லி முடிப்பார்கள். யாராவது தூங்கி வழிந்தால் பதில் வராது, உடனே தெரிந்துவிடும். அதையே அவர் விமானத்துக்குள் கொண்டுவந்தார். மேகத்துக்குள் நுழைந்ததும், ஓட்டாதவர் கருவிகளைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க வேண்டும்: சாய்வு எவ்வளவு, உயரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு. ஓட்டுகிறவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி, "கேட்டேன்" என்று முடிக்க வேண்டும். வயர்லெஸ்ஸில் பேசுவது இங்கிலீஷ். இது மட்டும் தமிழ். "ஓகேன்னு தூக்கத்துலகூடச் சொல்லிடலாம். நம்பரைச் சொல்லி கேட்டேன்னு சொல்லணும்னா நிஜமாவே கேட்டிருக்கணும்" என்பார்.

மூன்று அழைப்புக்குப் பதில் வராவிட்டால், படிக்கிறவர் "எடுத்துக்கிறேன்" என்று சொல்லி விமானத்தைத் தன் கையில் எடுக்க வேண்டும். மற்றவர் இரண்டு கையையும் மடியில் வைத்துவிட வேண்டும். ஓட்டுகிறவர் கேப்டனாக இருந்தாலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் கோ-பைலட் கேப்டனிடமிருந்து விமானத்தை வாங்குவது என்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதனால் இந்த முறை எங்கள் விமானத்தில் மட்டும்தான் இருந்தது. மற்ற கேப்டன்கள் இதைச் 'சவரிமுத்து பூசை' என்று கிண்டல் செய்தார்கள்.

இனி அந்த நாள். ஐப்பசி மழை பிடித்திருந்தது. விசாகப்பட்டினத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மதியம் மூன்று மணி இருக்கும். பின்னால் பதினேழு பயணிகள். பழவேற்காட்டுக்கு மேலே மேகம் கறுத்து நின்றதால், கிழக்கே கடல் பக்கம் ஒதுங்கி, பிறகு கரைக்கு இணையாகத் தெற்கே வந்தோம். கேப்டன் ஓட்டினார், நான் படித்தேன். "சாய்வு இல்லை, உயரம் மூவாயிரம், வேகம் நூற்றைம்பது." "நூற்றைம்பது, கேட்டேன்." மழையும் மேகமுமாக மாறி மாறி வந்தது. பதில் ஒன்றுகூடத் தவறவில்லை.

எண்ணூருக்கு நேரே வந்தபோது முன்னால் மேகம் கொஞ்சம் விலகியது. வலப்பக்கம் கரை தெரிந்தது. அலை உடையும் வெள்ளைக் கோடு, அதற்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பின் கறுப்பு. இடப்பக்கம் கடல். அன்றைக்குக் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அடிவானம் மழைக்குள் மறைந்துவிட்டது. ஆக, கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கோடு, அதற்கு ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் கறுப்பு. மனுஷக் கண் அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? வெளுப்பை வானம் என்று, கறுப்பைப் பூமி என்று, கோட்டை அடிவானம் என்று. பூமியாகத் தெரிந்த கறுப்பு வலப்பக்கம் கிடந்ததால், விமானம்தான் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றும்.

"கரை தெரியுது" என்றார் கேப்டன். குரலில் நிம்மதி இருந்தது. அப்படிச் சொல்லிக்கொண்டே விமானத்தை மெதுவாக, மிக மெதுவாக, இடப்பக்கம் சாய்க்கத் தொடங்கினார்.

"இடது பத்து" என்று படித்தேன். பதில் இல்லை.

"இடது இருபது. உயரம் ரெண்டாயிரத்து எண்ணூறு." பதில் இல்லை. அவர் கண் கருவிகள் மேல் இல்லை, வெளியே இருந்தது. விமானத்தின் மூக்கு கீழே இறங்குவது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கன்ட்ரோலைத் தன் பக்கம் இழுத்தார். சாய்ந்து கிடக்கும்போது இழுத்தால் விமானம் மேலே போகாது, இன்னும் இறுக்கமாகச் சுற்றிக் கீழே போகும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

"இடது முப்பது. ரெண்டாயிரத்து நானூறு. வேகம் நூற்றெண்பது."

"நம்ம எண்ணூரு கரைடா. நேராத்தான் போய்க்கினு கீறோம்" என்றார், எனக்குப் பதில் போல இல்லாமல் தனக்குத்தானே. காக்பிட்டில் அவர் வாயிலிருந்து ஊர்ப்பேச்சு வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்று அழைப்பு முடிந்துவிட்டது. நான் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அவர் கேப்டன், நான் கிரேன்காரர் மகன், அது ஒரு காரணம். இன்னொன்றை அதைவிடக் கேவலமானதென்று நினைக்கிறேன். நிமிர்ந்து பார்த்தபோது எனக்கும் கரை நேராகத்தான் தெரிந்தது. அது என்னுடைய கரையும்தானே. நடை பழகிய நாளிலிருந்து பார்க்கிற கரை. என் காது, என் இடுப்பு, என் கண், பக்கத்தில் இருக்கும் பெரிய மனிதர் எல்லாரும் ஒரே வாக்காக நேராகப் போகிறோம் என்று சொன்னார்கள். இல்லை என்று சொன்னது கண்ணாடிக்குள் இருந்த ஒரு கருவி மட்டும். வெளியூர்க்காரன் ஒருவன் அந்த ஸீட்டில் இருந்திருந்தால் கருவியை நம்பியிருப்பான். அவனுக்கு நம்புவதற்கு வேறு என்ன இருந்தது?

"இடது நாற்பது. ஆயிரத்து எண்ணூறு." பதில் இல்லை.

"இடது ஐம்பது. ஆயிரத்து நூறு. சார், எடுத்துக்கிறேன்."

அவர் கை கன்ட்ரோலை உடனே விடவில்லை. "விடுங்க சார்" என்றேன். விட்டார். என்ஜின் விசையைக் குறைத்தேன். கரையைப் பார்க்காமல், கருவியை மட்டும் பார்த்து விமானத்தை வலப்பக்கம் திருப்பி நிமிர்த்தினேன். நிமிர நிமிர, என் உடம்பு தலைகீழாகக் கவிழ்வதாகக் கதறியது. கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் மெதுவாக இழுத்தேன். கடல் கண்ணாடி முழுக்க வந்து நின்று, பிறகு கீழே போனது. கட்டுமரத்தில் நின்றிருந்த ஓர் ஆள் துடுப்பைப் போட்டுவிட்டுக் குனிந்துகொண்டது தெரிந்தது. உயரம் முந்நூறு அடி.

மிச்ச தூரத்தை நான் ஓட்டினேன், அவர் படித்தார். நான் ஒவ்வொன்றுக்கும் "கேட்டேன்" என்றேன்.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் ஒரு பயணி என்னிடம் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடை வைத்திருப்பவர். முன் ஸீட்டில், திறந்திருந்த காக்பிட் கதவுக்கு நேரே உட்கார்ந்து வந்தவர். அவருடைய வேட்டியில் காப்பிக் கறை.

"பெரியவர் நல்லாத்தான் ஓட்டிட்டு வந்தாவ. மடியில வச்ச காப்பி ஆடலியே. கடைசியில நீங்கதான் போட்டு உலுக்கிட்டீய தம்பி" என்றார்.

அவர் சொன்னது உண்மை. சுற்றிச் சுற்றிக் கடலை நோக்கிப் போன நேரமெல்லாம் காப்பி சிந்தவில்லை. காப்பிக்கும் காதில் உள்ள தண்ணீருக்கும் அதில் வித்தியாசம் கிடையாது. நிமிர்த்தியபோதுதான் சிந்தியது. மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன்.

அறிக்கையைக் கேப்டனே எழுதினார். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று, கரையை அடிவானமாக எடுத்துக்கொண்டதை வரி வரியாக எழுதினார். கடைசியில், 'மூன்று அழைப்புக்குப் பதில் இல்லாததால் கோ-பைலட் விதிப்படி விமானத்தை எடுத்துக்கொண்டார்' என்று எழுதித் தாளை என் பக்கம் திருப்பினார்.

"சரியா இருக்கா, ஆரோக்கியம்?"

நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் எனக்குக் கேப்டன் பதவி வர வேண்டியிருந்தது. ஐந்து என்று சொன்னால், பதினேழு பேரின் உயிரை இரண்டு அழைப்பு நேரம் சும்மா வேடிக்கை பார்த்தவன் என்று ஆகும். பயம், வேறொன்றுமில்லை.

"சரி சார்" என்று கையெழுத்துப் போட்டேன்.

அவர் தானே கேட்டுக்கொண்டு ஓட்டுவதை நிறுத்தினார். கீழே பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் போனார். அந்த அறிக்கையைப் படித்த கம்பெனி, சவரிமுத்து பூசையை எல்லா விமானத்துக்கும் விதியாக்கியது. மூன்று அழைப்பு. அது வேலை செய்யும் என்பதற்கு அத்தாட்சி என் கையெழுத்து. எல்லாரும் என்னைக் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். எனக்குக் கூசியது. ஆனாலும் கையை நீட்டத்தான் செய்தேன்.

நான் கேப்டனான பிறகு ஒரு நாள் மதுரையிலிருந்து வரும்போது மேகத்துக்குள் எனக்கும் அது நடந்தது. கரை, கோடு எதுவும் இல்லை. வெறும் வெளுப்பு. நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு சாய்ந்து போயிருக்கிறேன். பக்கத்தில் இருந்த வரதன், திருவொற்றியூர்ப் பையன், நல்ல கெட்டிக்காரன், விமானத்தை எடுத்து நிமிர்த்தினான். என் காதில் விழுந்தது "எடுத்துக்கிறேன் சார்" என்ற ஒன்றுதான். அதற்கு முன்னால் அவன் எதுவும் படித்ததாகவே எனக்கு நினைவில்லை.

இறங்கியதும், "எத்தனை தடவை கூப்பிட்டே?" என்று கேட்டேன்.

"மூணு சார்" என்றான். அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் இழந்த உயரத்துக்கு மூன்று அழைப்புப் போதாது. எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. அவன் சொன்ன பொய் நான் சொல்லிக் கொடுத்தது. இப்படியே போனால் இன்னொருவன் மூன்று என்று சொல்வதற்கு உயிரோடு இருக்க மாட்டான் என்று தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை காலையில் கோவிந்தன் சலூனுக்குப் போனேன். கேப்டன் சவரிமுத்து அந்த இரும்பு நாற்காலியில், கண்ணில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோவிந்தன் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வா நைனா. சாரு இப்போல்லாம் வாரா வாரம் ஷேவிங்குக்கு முன்னாடி சுத்த சொல்றாரு. ஒரு தபாகூட கரீட்டா சொன்னதில்ல" என்றார் கோவிந்தன்.

சுற்றி முடித்து, துண்டை அவிழ்த்து, சோப்பு போடத் தொடங்கினார் கோவிந்தன். நான் வரதன் விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "அன்னிக்கு நான் படிச்சது உங்களுக்கு எத்தனை தடவை கேட்டுது சார்?" என்றேன்.

"ஒண்ணு" என்றார். "எடுத்துக்கிறேன்னு நீ சொன்னது. அதுக்கு முன்னாடி எதுவும் காதுல ஏறல. கண்ணு மட்டுமில்ல, காதும் அடைஞ்சுபோகுது."

"அப்புறம் எப்படி மூணுன்னு எழுதினீங்க?"

"நீ விதிப்படிதான் செய்வேன்னு தெரியுமே" என்றார் சாதாரணமாக.

இத்தனை நாளும் அவருக்கு எண்ணிக்கை தெரியும், எனக்காக மறைத்தார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் என்னை நம்பி எழுதியிருக்கிறார்.

"அஞ்சு, சார்" என்றேன். "அஞ்சாவதுலதான் எடுத்தேன்."

கோவிந்தனின் கத்தி கன்னத்தில் நின்றது. கேப்டன் கையைக் கொஞ்சம் அசைத்தார், கத்தி மறுபடி நகர்ந்தது. ஷேவிங் முடியும்வரை அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "மூணுன்னு போட்டா அஞ்சுல எடுக்கிறானுங்க. நடந்ததை திங்கக்கிழமையே ஆபீஸ்ல எழுதிக் குடு. விதியை ரெண்டுன்னு மாத்தச் சொல்லு. ரெண்டுன்னா மூணுலயாவது எடுப்பானுங்க."

"எழுதறேன் சார்."

அவர் எழுந்து கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். ஆபீஸுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாசற்படியில் அவர் கால் வைத்தபோது, பதில் வராத அழைப்பை மறுபடியும் சொன்னேன்.

"சார், அஞ்சு."

நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"அஞ்சு. கேட்டேன்" என்றார்.